உங்களுக்குத் தெரியுமா? அலுமினியத்தின் ஆயுள்

பானம் அருந்தியபின் தெருவோரத்தில் அலட்சியமாக எறியப்படும் அலுமினிய டப்பா மண்ணோடு மண்ணாகச் சிதைந்துபோவதற்கு 80 முதல் 200 ஆண்டுகள் வரை ஆகுமென்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். ஆறாவது வயதில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தையொன்று அதை எறிந்திருக்குமானால், அக்குழந்தை 11 வயதில் ஆறாம் வகுப்புக்கு ஏறி, 17 வயதில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, பிற்காலத்தில் தன் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவைக்கும் நாளிலும் அந்த டப்பா அழியாமலே கிடக்கக்கூடும்.

இந்தத் தீர்க்காயுளுக்குக் காரணம் யாதெனில், அலுமினியத்தைக் கத்தியால் கீறும்போது பளிச்சிடும் புதிய பரப்பின்மீது, காற்றிலுள்ள பிராணவாயு அந்த க்ஷணமே சேர்ந்து, சில நானோமீட்டர் கனமே உள்ள ஆக்ஸைடுப் படலமொன்றை உண்டாக்கி, உள்ளிருக்கும் உலோகத்தைக் கவசம்போல் காத்துவிடுகிறது. இரும்பின் துருவோ உதிர்ந்து உதிர்ந்து, உள்ளிருப்பதையும் மேன்மேலும் அரிப்புக்கு ஆளாக்குகிறது.

மண்ணில் எளிதில் மடியாத இவ்வுலோகம், 660 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் உருகி, குணம் குன்றாமல் மறுபடியும் புதிய பொருளாகிவிடும். பாக்ஸைட் தாதுவிலிருந்து அதைப் பிரித்தெடுக்கச் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய 5 சதவீதமே இதற்குப் போதுமாதலால், காலி டப்பாவைக் குப்பையில் எறியாமல் பழைய இரும்புக் கடையில் சேர்ப்பித்தல், வருங்காலச் சந்ததியாருக்கு நாம் அவசியம் ஆற்றவேண்டிய கடமையாகும்.