''எனக்கு எதுவானாலும் சரி!'' - நிஜமாகவா?

குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போயிருக்கிறீர்கள். சர்வர் வந்து நிற்கிறார். பையன் மசால் தோசை என்கிறான். பெண் நூடுல்ஸ் என்கிறாள். வீட்டுக்காரருக்கு பரோட்டா. உங்கள் முறை வருகிறது. ''எனக்கு என்ன... ஏதாவது சொல்லுங்க, எதுவானாலும் சரி!''

இதைப் பெருந்தன்மை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருப்பீர்கள். இருக்கலாம். ஆனால், ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். நிஜமாகவே எதுவானாலும் சரியா? அல்லது, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்பதே உங்களுக்கு மறந்துபோய்விட்டதா?

மறந்துவிட்டது என்றால், கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

இந்த மறதி ஒரே நாளில் வருவதில்லை. கல்யாணமான புதிதில், கத்தரிக்காய் பிடிக்காது என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சாப்பிட்டிருப்பீர்கள். அப்புறம், மாமியாருக்குப் பிடித்த கலரில் புடவை. 'எதுக்கு வம்பு' என்று முழுங்கிய பதில்கள். ஆண்களும் தப்பவில்லை. மேலதிகாரியின் அறுவை ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரிப்பவர்கள் எத்தனை பேர்! பாட்டு கத்துக்கணும் என்று ஆசைப்பட்டவர், ''அதெல்லாம் சின்ன வயசுக் கிறுக்கு சார்'' என்று தானே தன்னைக் கேலி பண்ணிக்கொள்கிறாரே, அதுவும் இந்த ரகம்தான்.

இங்கிலாந்தில் டொனால்ட் வின்னிகாட் என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். மனப் பகுப்பாய்விலும் பெரிய ஆள். அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, அவள் மனநிலைக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும் குழந்தைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அந்தக் குழந்தை வளர்ந்தபிறகும், மற்றவர்களுக்காகப் போட்ட வேஷத்திலேயே தங்கிவிடுவது உண்டு. இதை 'பொய்யான சுயம்' என்று 1960-ல் எழுதினார். வேஷமே கூடாது என்று அவர் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்தவரிடம் ''வாங்க, வாங்க'' என்று சிரிப்பதும் ஒரு வேஷம்தான். அது நாகரிகம், எல்லோருக்கும் தேவை. வேஷத்தைக் கழற்றி வைக்க ஓர் இடம்கூட இல்லாமல் போவதுதான் சிக்கல்.

அமெரிக்க உளவியலாளர் டேனா ஜாக், மனச்சோர்வில் தவித்த பெண்களிடம் உட்கார்ந்து பேசினார். வெளியே 'நல்ல மனைவி', உள்ளே பொருமல் என்று இருந்தார்கள் அவர்கள். உறவு முறிந்துவிடக்கூடாதே என்பதற்காகத் தங்கள் வாயைத் தாங்களே கட்டிப்போட்டவர்கள். இதைப் பற்றி 1991-ல் ஒரு புத்தகமே எழுதினார். படித்தால், ''இவங்க நம்ம தெருவுக்கு எப்போ வந்தாங்க?'' என்று உங்களுக்குத் தோன்றும்!

சரி, மனசு சம்பந்தப்பட்ட சமாசாரம், உடம்புக்கு என்ன வந்தது என்கிறீர்களா?

அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் ஃபிராமிங்ஹாம் என்று ஓர் ஊர். அந்த ஊர் ஜனங்களின் இதயத்தை 1948-லிருந்து டாக்டர்கள் விடாமல் கவனித்து வருகிறார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, சிகரெட் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பாதி அங்கிருந்து வந்ததுதான். அடுத்த தலைமுறையில் 3,682 பேரை எடுத்துக்கொண்டு, பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். கல்யாணமானவர்களிடம் ஒரு கேள்வி: ''ஜோடியோடு சண்டை வந்தால் மனதில் உள்ளதைச் சொல்வீர்களா, உள்ளேயே வைத்துக்கொள்வீர்களா?'' 2007-ல் வெளியான முடிவு கொஞ்சம் அதிர்ச்சிதான். வாயைத் திறக்காமல் இருந்த பெண்கள் அந்தப் பத்து வருஷத்தில் இறந்துபோகும் அபாயம், சொல்லிவிடும் பெண்களைவிட நாலு மடங்கு! வேடிக்கை என்னவென்றால், உள்ளேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னவர்கள் ஆண்களில்தான் அதிகம். அவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

உடனே பயந்துவிடாதீர்கள். மௌனம்தான் கொன்றது என்று அந்த ஆராய்ச்சி நிரூபித்துவிடவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன, அவ்வளவுதான். ஆனால், 1990-களில் நடந்த வேறு சில சோதனைகளையும் சேர்த்துப் பாருங்கள். மனதைக் கலக்கும் சினிமாத் துண்டுகளைப் போட்டுக் காட்டி, ''முகத்தில் எதையும் காட்டாமல் பாருங்கள்'' என்றார்கள். முகம் கல் மாதிரி இருந்தது. உள்ளே வருத்தம் குறையவில்லை, ரத்தக் குழாய்கள் இறுகின, உடம்பு சண்டைக்குத் தயாராவது போல முறுக்கேறியது. தவிர, அப்படி அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு, பார்த்ததும் கேட்டதும் சரியாக ஞாபகமில்லை. 'பரவாயில்லை' என்று சிரிப்பதும் உடம்புக்கு ஒரு வேலைதான்.

''அப்போ, மனசுல பட்டதைப் பட்டுனு போட்டு உடைச்சிடணுமா?'' வேண்டவே வேண்டாம். 'நான் ரொம்ப ஓப்பன் டைப்' என்று சொல்லிக்கொண்டு, போகிற இடமெல்லாம் ஆளைக் காயப்படுத்திவிட்டு வருகிறவர்களை நமக்குத் தெரியாதா என்ன! பத்து வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரே ராத்திரியில் அத்தனையையும் கொட்டினால் வீடு தாங்காது.

சின்னதில் ஆரம்பியுங்கள். காபியில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை உங்களுக்கு வேண்டும் என்பதில்கூட ஆரம்பிக்கலாம். யாராவது எதையாவது கேட்டால், பழக்கதோஷத்தில் ''சரி'' என்று வாய் போகும் முன்னால், ''யோசிச்சு சொல்றேனே'' என்று ஒரு வாய்தா வாங்குங்கள். அந்த அரை மணி நேரத்தில், உள்ளுக்குள் ஒரு பதில் மெதுவாகத் தலை தூக்கும். பேச வேண்டி வந்தால், ''நீங்க எப்பவுமே இப்படித்தான்'' என்று தொடங்காமல், ''எனக்குக் கஷ்டமா இருக்கு'' என்று தொடங்கிப் பாருங்கள். எதிராளிக்கு எகிறுவதற்கு இடம் குறையும்.

பேச ஆளில்லையா? நோட்டுப் புத்தகம் போதும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், தினம் பதினைந்து நிமிஷம், தொடர்ந்து நாலு நாள், மனதை அழுத்துவதை மாணவர்களை எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் சிலருக்கு வருத்தம் கூடியது. ஆனால், அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது குறைந்திருந்தது. 1986-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. எழுத்துப்பிழை, கையெழுத்து பற்றியெல்லாம் கவலைப்படாதீர்கள். யாரும் படிக்கப் போவதில்லை. எழுதி முடித்துக் கிழித்தும் போடலாம்.

இரண்டு எச்சரிக்கை. பேசினால் கை நீட்டுகிற வீடு என்றால், மேலே சொன்ன எதுவும் அங்கே பொருந்தாது. அங்கே பேசாமல் இருப்பது தற்காப்பு. முதலில் பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள். அடுத்தது, எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேலாகிவிட்டதா? அது மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். அரசின் 'டெலி மானஸ்' எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.

மற்றபடி, நீங்கள் மாறத் தொடங்கினால் முதலில் முகம் சுளிப்பது வீட்டு ஆட்கள்தான். ''என்ன, இப்பல்லாம் பேச்சு ஜாஸ்தியாயிருக்கு?'' என்று காதுபட வரும். இத்தனை வருஷம் நீங்கள் பழக்கி வைத்தது அப்படி, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கோபப்படாமல், குரலை உயர்த்தாமல், அதையே இன்னொரு தரம் சொல்லுங்கள்: ''இன்னிக்கு எனக்குக் கத்தரிக்காய் வேணாம்.''