சர்க்கரைப் புண்ணும் சீட்டில்லா மாத்திரையும்

"கால் புண்ணு ஆறவே மாட்டேங்குது, ஏதாவது குடுங்க" என்றால் போதும், பல மருந்துக் கடைகளில் மூன்று நாள் ஆன்டிபயாடிக்கைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார்கள். செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் போன்றவை எச்1 பட்டியலில் வருபவை. 2014 மார்ச் முதல் உள்ள விதிப்படி, டாக்டர் சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். விதி நடைமுறையில் படும் பாடு ஊரறிந்தது. மீறும் கடைமீது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் செய்யலாம்.

திறந்த புண் என்றாலே கிருமி இருக்கும். அது மட்டும் தொற்று ஆகிவிடாது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி, சீழ் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு தெரிந்தால்தான் தொற்று என்பார்கள். (மரத்துப்போன காலில் வலி தெரியாது என்பது வேறு கொடுமை.) தொற்றில்லாத புண்ணுக்கு மாத்திரை போட்டால் புண் சீக்கிரம் ஆறாது, மருந்துக்கு மசியாத கிருமிகள்தான் மிஞ்சிப் பெருகும். நாள்பட்ட புண்ணில் அவை பிசுபிசுப்பான படலத்துக்குள் பதுங்கியும்கொள்ளும். செத்த சதையை டாக்டர் நீக்க வேண்டும், அந்த இடத்தில் எடை விழக் கூடாது, சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், காலின் ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் புண்ணை ஆற்றுவது இதுதான்.

தொற்று என்றால், எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் கல்ச்சர் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மேலாகப் பஞ்சால் ஒற்றினால் தோலில் கிடப்பதெல்லாம் வந்து குழப்பும். புண்ணைச் சுத்தம் செய்தபின் அடிச்சதையில் எடுப்பதே நம்பகம். ரிப்போர்ட்டில் மருந்தின் பெயருக்கு நேரே 'எஸ்' இருந்தால் அந்த மருந்து கேட்கும், 'ஆர்' இருந்தால் கேட்காது. சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் வந்த ரிப்போர்ட்டுகளில் 'ஆர்' வரிசைகட்டி நிற்பதுண்டு. அப்புறம் மிஞ்சுவது பெரும்பாலும் ஊசி மருந்து, அட்மிஷன், செலவு.

சதையோடு நின்ற தொற்றுக்குப் பொதுவாக ஒன்றிரண்டு வாரம் மருந்து. எலும்பைத் தொட்டிருந்தால் ஆறு வாரம்கூட ஆகலாம். புண் மூடும்வரை மாத்திரை என்ற கணக்கே கிடையாது. எத்தனை நாள், எதற்கு என்று டாக்டரிடம் கேட்பது உங்கள் உரிமை. வேறு டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகள் சொல்கின்றன.

விரல் கறுத்தாலோ, நாற்றம் அடித்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.