மனச்சோர்வும் அமுக்கராக் கிழங்கும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலுகாக்களின் புஞ்சைகள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை தவறினால் பருத்தியும் மிளகாயும் வாடுவதுடன் சாகுபடிதாரரின் மனமும் வாடுகிறது. ஊணும் உறக்கமும் குன்றி, இரண்டு வாரத்திற்கு மேல் எதிலும் நாட்டமின்றி ஒருவர் இருப்பாராயின் அது சோம்பலன்று. மனச்சோர்வு என்னும் வியாதியாகும்.

இதற்கு நம்மவர் நாடும் மூலிகைகளில் அமுக்கரா முக்கியமானது. நீர் தேங்காத மானாவாரி நிலத்தில் விளையும். மத்தியப் பிரதேசத்து நீமச், மந்தசௌர் ஜில்லாக்களில் மிகுதியாகப் பயிராகிறது. விதைத்த ஐந்து, ஆறு மாதங்களில் இலை உலர்ந்து கனி சிவந்ததும் வேரைப் பறித்து உலர்த்தல் வேண்டும். சித்த வைத்தியர்கள் இவ்வேரைப் பாலாவியில் அவித்துச் சுத்தி செய்து சூரணமாக்குவர். இலையைச் சேர்த்தல் ஆகாது.

இது உறக்கத்திற்கும் மனக்கலக்கத்திற்கும் ஓரளவு துணை புரிவதாகச் சோதனைகள் காட்டுகின்றன. கடும் மனச்சோர்வைத் தீர்க்குமென்று நிரூபிக்கப்படவில்லை. கர்ப்பிணிகள் உட்கொள்ளலாகாது. தைராய்டு, ஈரல் நோயுடையோரும், வேறு மாத்திரை உண்போரும் வைத்தியரைக் கேளாமல் தொடுதல் கூடாது.

உயிரை வெறுத்துப் பேசுவோர் உள்ள வீட்டில் மூலிகையை நம்பிக் காலங்கடத்துதல் பெருந்தவறு. பூச்சிமருந்தை உடனே அப்புறப்படுத்திப் பூட்டிவைத்து, அவரைத் தனியே விடாமல், அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். 2022 முதல் நடைபெறும் டெலி மானஸ் இலவசத் தொலைபேசி எண் 14416. இதனைக் கிராம உத்தியோகஸ்தர்கள் சாவடிச் சுவரில் எழுதிவைப்பார்களாக.