மினி டிராக்டருக்கு ‘குயிக் ஹிட்ச்’: வாங்கும் முன் டேப்பை எடுங்க

களைக்கொல்லி அடிக்கிறவருக்கு டிராக்டரில் கருவி மாற்றும் வேலை குறைவு. நஞ்சில்லாமல் பயிர் செய்கிற நமக்கு அப்படி இல்லை. தக்கைப்பூண்டை மடக்கி உழ ரோட்டவேட்டர் வேண்டும். விதைக்க விதைப்புக் கருவி, களை வெட்டக் கொத்துக் கலப்பை, தொழுவுரம் ஏற்ற டிப்பர். பருவம் வந்துவிட்டால் ஒரே நாளில் இரண்டு மூன்று தடவைகூட மாற்ற வேண்டியிருக்கும்.

எங்கள் தொண்டூர் பக்கம் ஏரிக்குக் கீழே நெல்லும் உளுந்தும், மேட்டுச் செம்மண்ணில் நிலக்கடலையும் பயிராகின்றன. நாங்கள் ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரு மினி டிராக்டர் வைத்திருக்கிறோம். கருவிகள் ஆளுக்கொன்றாக, வேறு வேறு பட்டறையில் வாங்கியவை. டயர் போக இடம் விட்டு விதைத்த கடலையில் 20ஆம் நாள் ஒரு களை, 40ஆம் நாள் ஒரு களை. 45 நாளுக்கு மேல் விழுது இறங்கிவிடும்; அப்புறம் மண்ணைக் கிளறக் கூடாது. மழை விட்டு மண் பதத்துக்கு வருகிற இரண்டு மூன்று நாளில் ஐந்து வீட்டுக் களையும் முடிய வேண்டும்.

அந்த நெருக்கடியில் கருவி மாற்றுவதற்கு இரண்டு ஆள், ஒரு கடப்பாரை, அரை மணி நேரம் போகிறது. நேரம்கூடப் போகட்டும். டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவில் நின்று, “இன்னும் கொஞ்சம் பின்னால வா” என்று குரல் கொடுக்கிறவரை நினைத்துப் பாருங்கள். ஓட்டுகிறவரின் கால் கிளட்சில் வழுக்கினால் நசுங்குவது அவர்தான். அதனால்தான் ‘குயிக் ஹிட்ச்’ பற்றி எங்கள் குழுவில் பேச்சு வந்தது. கடைக்காரர் காட்டியதை வாங்காமல், நான் முதலில் அளவு எடுக்கத் தொடங்கினேன்.

முதலில் அளவு

டிராக்டரின் பின்னால் இருக்கிற மூன்று புள்ளி இணைப்பு, அதாவது கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க், அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசனின் உழைப்பு. 1939இல் ஹென்றி போர்டுடன் சேர்ந்து வந்த டிராக்டரில் அது உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊர்ச் சாலையில் ஓடும் ‘மாசி பெர்குசன்’ பெயரில் இருப்பவரும் அவர்தான். இன்று எந்தக் கம்பெனி டிராக்டரானாலும் இந்த இணைப்புக்கு ‘கேட்டகரி’ என்று வகை பிரித்து அளவு வைத்திருக்கிறார்கள்.

ஒன்றாம் வகையில் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர் கனம், டாப் லிங்க் பின் 19 மில்லிமீட்டர். கருவியில் இரு பின்களுக்கும் நடுவே சுமார் 68 சென்டிமீட்டர். இரண்டாம் வகையில் பின் 28, 25 மில்லிமீட்டர். இடைவெளி 82 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மிகச் சிறிய டிராக்டருக்குப் பூச்சிய வகை. கீழ்ப் பின் 16 மில்லிமீட்டர்தான். இதற்கு நடுவில் ‘ஒன்று என்’ என்று ஒன்று உண்டு. பின் ஒன்றாம் வகைக் கனம்தான், ஆனால் இடைவெளி குறுகல். மினி டிராக்டர் வைத்திருப்பவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பின் நுழைகிறதே என்று வாங்கிவிடுவார்கள், அகலம் ஒத்துவராது.

ஆகவே பின்னின் கனம், இரு பின்களின் இடைவெளி, கீழ்ப் பின்னிலிருந்து மேல் பின் வரை உயரம் என்று ஒவ்வொரு கருவிக்கும் மூன்று அளவை நோட்டில் எழுதுங்கள். எங்கள் கருவிகளில் பின் கனம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருந்தது. உயரம்தான் ஒன்றுக்கொன்று சேரவில்லை. உள்ளூர்ப் பட்டறைக் கருவிகளில் இது சாதாரணம்.

நான்கு வழிகள்

சட்டம் போன்றது: டிராக்டரில் நிரந்தரமாக ஒரு சட்டம், அதில் மேலே ஒரு கொக்கி, கீழே இரண்டு கொக்கி. பின்னால் வந்து தூக்கினால் கருவி உட்கார்ந்துவிடும். ஒன்றாம் வகையில் மேல் கொக்கி கீழ்க் கொக்கியிலிருந்து சுமார் 38 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கருவியின் உயரம் அதோடு சேராவிட்டால் பட்டறையில் மாற்றித்தான் ஆக வேண்டும். பின்களில் புஷ்ஷும் போட வேண்டும்.

முக்கோணச் சட்டம்: ‘ஏ’ எழுத்துப் போல டிராக்டரில் ஒன்று, அதற்குப் பொருந்தும் இன்னொன்று ஒவ்வொரு கருவியிலும். உச்சி முதலில் மாட்டி, எடையில் தானாக நேராகிவிடும். கருவி கோணலாக நின்றாலும் பிடித்துக்கொள்ளும். ஆனால் நாலு கருவி என்றால் நாலு முக்கோணம் செய்ய வேண்டும்.

கொக்கி முனைக் கைகள்: கீழ்க் கைகளின் முனையே கொக்கி, கருவியின் பின்னில் உருண்டை மாட்டியிருக்கும். கருவி பின்னால் தள்ளிப் போகாது. ஆனால் கைகளையே மாற்ற வேண்டும் என்பதால் செலவு அதிகம்.

நீளும் முனைகள்: கீழ்க் கையின் முனையைக் கொஞ்சம் இழுத்துக் கருவியில் மாட்டி, வண்டியைப் பின்னால் எடுத்தால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். இறங்கி ஏற வேண்டும். ஆனாலும் எளிமையானது, கடப்பாரைக்கு வேலை இல்லை.

ஜப்பானியச் சிறு டிராக்டர்களில் பி.டி.ஓ. ஷாப்ட்டும் சேர்ந்தே மாட்டிக்கொள்கிற அமைப்பு உண்டு. மற்றவற்றில் ஷாப்ட்டைக் கையால்தான் போட வேண்டும்.

சொல்லாமல் விடுகிற இரண்டு விஷயம்

ஒன்று, ஷாப்ட் நீளம். சட்டம் போட்டால் கருவி சுமார் 10 சென்டிமீட்டர் பின்னால் போகும். ஷாப்ட்டின் இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது நுழைந்திருக்க வேண்டும். அது குறைந்தால் சுற்றும்போது கழன்று அடிக்கும். நிமிடத்துக்கு 540 சுற்றில் அடிக்கிற இரும்பு ஆளை விட்டு வைக்காது. கருவியை மேலே தூக்கியும் கீழே இறக்கியும் இரண்டு நிலையிலும் அளந்து பாருங்கள்.

இரண்டு, முன் சக்கரம். ஒரு கணக்குப் பார்ப்போம். ரோட்டவேட்டர் 250 கிலோ, அதன் எடை நடு கீழ்ப் பின்னிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். சட்டம் போட்ட பிறகு அது 70 ஆகிறது. சட்டத்தின் எடையும் 30 கிலோ வரும். இணைப்புப் புள்ளியில் பின்னால் இழுக்கிற சுமை ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. பெரிய டிராக்டருக்கு இது தெரியாது. பதினைந்து, பதினெட்டு குதிரைத்திறன் வண்டி வரப்பு ஏறும்போது முன் சக்கரம் அந்தரத்தில் ஆடும், ஸ்டியரிங் பிடிக்காது. முன்னால் எடைக்கல் மாட்டாமல் சட்டம் போடாதீர்கள்.

யாருக்கு எது?

தனியாக ஒரே வயல், பட்டத்துக்கு இரண்டு தடவை மாற்றுகிறவருக்கு எதுவும் வாங்கத் தேவையில்லை. கருவியைச் சமதரையில், பலகை மேல் நிறுத்தி வைக்கும் பழக்கம் போதும். பாதிச் சிரமம் அதிலேயே போய்விடும். கருவிகள் வாடகைக்கு வந்து போகிறவருக்கு நீளும் முனைதான் சரி. யார் கருவி வந்தாலும் ஒத்துப்போகும். எங்களைப் போல நிலையான நாலைந்து கருவியைப் பலர் பகிர்கிற குழுவுக்கு முக்கோணச் சட்டம் பொருந்தும். உயரம் சேராத சிக்கலும் அதில் தீர்ந்துவிடுகிறது. எல்லா முக்கோணத்தையும் ஒரே பட்டறையில், ஒரே அச்சில் செய்யச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பெண்களும் வயதானவர்களும் தனியாக வண்டி எடுக்கிற வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல்.

எதை மாட்டினாலும் பூட்டு விழுந்ததா என்று இறங்கிக் கண்ணால் பாருங்கள். கருவியை ஒரு சாண் தூக்கி, ஆட்டிப் பார்த்த பிறகே வயலுக்குள் போங்கள். ஷாப்ட் மாட்டும்போது இன்ஜின் நிற்கட்டும், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். வண்டி பின்னால் வரும்போது நடுவில் ஒருவரும் நிற்கக் கூடாது.

ஆடிப் பட்டத்துக்கு முன் உங்கள் குழுவும் ஒரு நாள் எல்லாக் கருவியையும் ஒரே களத்துக்குக் கொண்டுவந்து அளந்து எழுதுங்கள். அந்த நோட்டு கையில் இருந்தால் கடைக்காரரிடம் நீங்கள் கேள்வி கேட்கலாம்.