காணியின் வலயம் மாறும்போது கிணற்றைப் பற்றி யார் கேட்பது?

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்துக்கு நான்கு பரப்புக் காணி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அன்று அந்த வளவுக்குள் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு மலசலகூடக் குழி. காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பி வரும்போது பிள்ளைகள் கலியாணம் கட்டித் தனித்தனிக் குடும்பங்களாகிவிட்டார்கள். சீதனம், முதுசம் என்று காணி ஐந்தாகப் பிரிகிறது. இப்போது அதே வளவுக்குள் ஐந்து வீடு, ஐந்து கிணறு, ஐந்து குழி.

இதில் யாரும் பிழை செய்யவில்லை. இருக்கிற காணிக்குள்தான் எல்லோரும் வாழ வேண்டும். ஆனால் ஒரு பிரதேசம் முழுவதும் இப்படி நெருங்கும்போது நிலத்தடி நீர் தாங்குமா, வெள்ளம் எங்கே வடியும், கழிவு எங்கே போகும் என்ற கேள்விகளை ஒரு தனி வீட்டுக்காரர் கேட்க முடியாது. அதைக் கேட்பதற்காகவே நகரத் திட்டமும் சுற்றாடல் மதிப்பீடும் இருக்கின்றன. அவை இரண்டும் எங்கே சந்திக்கின்றன, எங்கே சந்திக்காமல் விலகிப் போகின்றன என்பதை எங்கள் மக்கள் அறிந்திருப்பது அவசியம்.

வலயம் என்றால் என்ன?

1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் ஒரு பிரதேசம் வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டால், அந்தப் பிரதேசத்துக்கு அபிவிருத்தித் திட்டம் தயாரிக்கப்படும். அதில் காணிகள் வலயங்களாகப் பிரிக்கப்படும். குடியிருப்பு, வர்த்தகம், விவசாயம், பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலம் என்று வரைபடத்தில் நிறம் தீட்டப்படும். எந்த வலயத்தில் எத்தனை மாடி கட்டலாம், காணித்துண்டு குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு நிலத்தைக் கட்டடம் இல்லாமல் விட வேண்டும் என்பதும் அங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது.

குறைந்த அடர்த்தி வலயம் கூடிய அடர்த்தி வலயமாக மாற்றப்பட்டால் அந்த ஒரே முடிவினால் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வழி திறக்கலாம். காணி விலையும் ஏறும். அதனால் இது வெறும் அலுவலக வேலை அல்ல.

மதிப்பீடு எப்போது கட்டாயம்?

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது, குறித்துரைக்கப்பட்ட திட்டங்களுக்குச் சுற்றாடல் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு சேர்க்கப்பட்டது. எவை அந்தத் திட்டங்கள் என்பதை 1993 யூன் 24 ஆம் திகதிய 772/22 ஆம் இலக்க வர்த்தமானி பட்டியலிட்டது. குடியிருப்போடு தொடர்பான சில:

- 1,000 வீடுகளுக்கு மேற்பட்ட வீடமைப்புத் திட்டம்
- 4 ஹெக்டெயருக்கு மேல் தாழ்நிலம் அல்லது சதுப்பு நிலம் நிரப்புதல்
- 1 ஹெக்டெயருக்கு மேல் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுதல்
- 50 ஹெக்டெயருக்கு மேல் காணி துப்புரவாக்குதல்

காட்டுக்கோ வனசீவராசிகள் சரணாலயத்துக்கோ 100 மீற்றருக்குள், வெள்ளப் பகுதிக்குள், தொல்பொருள் ஒதுக்கத்துக்குள் என்று சில உணர்திறன் மிக்க இடங்களில், பட்டியலிலுள்ள திட்டம் சிறியதாக இருந்தாலும் அனுமதி தேவை. கரையோர வலயத்துக்கு 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

மதிப்பீடு இரண்டு வகை. பாதிப்பு குறைவு என்று கருதப்பட்டால் ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை. பெரிது என்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு. இரண்டாவது வகை அறிக்கை பற்றி வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரவேண்டும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். முதலாவது வகைக்கு 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் இந்தக் கருத்துக் கேட்கும் கட்டம் இல்லை. ஆனாலும் அந்த அறிக்கை பொது ஆவணம். கேட்டுப் பார்க்கும் உரிமை இருக்கிறது.

ஓட்டை எங்கே?

மேலே உள்ள பட்டியலைத் திரும்பிப் பாருங்கள். எல்லாமே தனித்தனித் திட்டங்கள். வலயத்தை மாற்றுவது என்ற செயல் அதில் இல்லை. 1,000 வீடுகளை ஒரே நிறுவனம் ஒரே திட்டமாகக் கட்டினால் கேள்வி வரும். அதே 1,000 வீடுகள் இருநூறு வளவுகளில் ஐந்து ஐந்தாக முளைத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. உள்ளூராட்சி மன்றம் ஒவ்வொரு கட்டடப் படத்தையும் தனியாகப் பார்த்து அங்கீகரிக்கும். ஒவ்வொன்றும் விதிக்குச் சரியாக இருக்கும். கூட்டிப் பார்த்தால்தான் பிழைக்கும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் மூலோபாய சுற்றாடல் மதிப்பீடு என்ற முறை இருக்கிறது. தனித் திட்டத்தை அல்லாமல், முழுப் பிரதேசத்துக்கான கொள்கையையும் திட்டத்தையும் முன்கூட்டியே பரிசீலிப்பது இது. இதைச் செய்ய வேண்டும் என்று 2006 இல் அமைச்சரவை தீர்மானித்தது. போருக்குப் பின் வட மாகாணம் முழுவதற்கும் அப்படி ஒரு மதிப்பீடு செய்யப்பட்டு, மத்திய சுற்றாடல் அதிகார சபையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இணைந்து 2014 இல் அறிக்கை வெளியிட்டன. ஆனால் அமைச்சரவைத் தீர்மானம் வேறு, மீறினால் நீதிமன்றம் போகக்கூடிய சட்டக் கட்டாயம் வேறு. 1993 வர்த்தமானிக்கு உள்ள பிடி இதற்கு இல்லை.

யாழ்ப்பாணத்தில் இது ஏன் கூடுதல் கவலை?

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. எங்கள் கிணறுகள் அந்தப் படையிலிருந்துதான் ஊறுகின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். நிலத்தைக் கொங்கிறீற்றால் மூடினால் மழைநீர் இறங்காது. குழிக்குள் விடும் கழிவு அதே வெடிப்புகளால் கிணற்றுக்கு வரும்.

ஒரு சின்னக் கணக்கு. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடி, அதாவது ஏறக்குறைய 15 மீற்றர் இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆறு பேர்ச் துண்டு ஒன்று ஏறத்தாழ 150 சதுர மீற்றர். 10 மீற்றர் அகலம், 15 மீற்றர் நீளம் என்றால், கிணறு ஒரு மூலையிலும் குழி அதற்கு எதிர்ப்பக்கத்திலும் இருந்தால்தான் அந்த இடைவெளி கிடைக்கும். அப்படி வைத்தாலும் பக்கத்து வளவின் குழி உங்கள் கிணற்றின் ஓரத்தில் இருக்கக்கூடும். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பு எந்தப் பக்கம் போகிறது என்று மேலே நின்று பார்த்துச் சொல்லவும் முடியாது.

மலக்கழிவும் தோட்டத்துக்குப் போடும் பசளையும் நீரில் நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. மிஞ்சினால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

இதைச் சொல்வதால் நெருக்கமான குடியிருப்பே வேண்டாம் என்று ஆகிவிடாது. நாற்பது குடும்பங்களுக்கு நாற்பது குழி வெட்டுவதைவிட, ஒரு தொடர்மாடியும் ஒழுங்காக இயங்கும் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொகுதியும் நிலத்தடி நீருக்கு நல்லது. வீடுகள் ஓரிடத்தில் நெருங்கினால் செம்மண் தோட்டக்காணிகளும் தப்பும். அடர்த்தி கூடுவதற்கு முன் அதற்கான கழிவுநீர் ஏற்பாடு வந்துவிட்டதா என்பதே பிரச்சினை.

தணிப்பு நடவடிக்கை என்ற பெயரில்

மதிப்பீட்டு அறிக்கைகளில் தணிப்பு நடவடிக்கைகள் என்று ஒரு அத்தியாயம் வரும். அதை வாசிக்கும்போது ஒரு வரிசையை நினைவில் வைத்திருங்கள். முதலில் பாதிப்பைத் தவிர்க்க வேண்டும். முடியாவிட்டால் குறைக்க வேண்டும். அதற்கும் அப்பால் நடந்ததைச் சீராக்க வேண்டும். எதுவும் முடியாத இடத்தில் மட்டும் வேறிடத்தில் ஈடுசெய்வது.

குளத்தை நிரப்பாமல் விடுவது தவிர்ப்பு. வழுக்கையாறு போன்ற வடிகால் வழிகளின் இரு கரையையும் வீடில்லாமல் வைப்பதும் அதுதான். 2008 நிஷா புயலின் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூரை நீரைச் சேகரித்து நிலத்துக்குள் இறக்குவது குறைப்பு; மழைநீர் சேகரிப்புக்கு 2007 இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்திலேயே திருத்தம் வந்துவிட்டது. “மரம் நடப்படும்”, “உரிய நடவடிக்கை எடுக்கப்படும்” என்ற வரிகளோ எந்தக் கட்டுப்பாடும் இல்லாத வாக்குறுதிகள். யார் செய்வது, எப்போது, எந்தச் செலவில், யார் பரிசோதிப்பது என்பது அனுமதியின் நிபந்தனையாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பிந்திக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சுன்னாகம் சாட்சி. அங்கு கிணற்று நீரில் எண்ணெய் கலந்தது தொடர்பாக 2015 இல் தாக்கல் செய்யப்பட்ட வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முக்கியமான தீர்ப்பு. ஆனால் கிணறு பழுதான பிறகு, நான்கு ஆண்டுகள் வழக்காடிக் கிடைத்தது அது.

சுற்றாடல் என்ற சொல்லின் மேல் உள்ள சந்தேகம்

வடக்கு கிழக்கில் பலருக்கு ‘சுற்றாடல்’ என்றாலே காணி போகிறது என்ற பயம் வரும். அதற்குக் காரணம் உண்டு. மக்கள் இல்லாத காலத்தில் பற்றை மூடிய ஊர்கள் காடாக அடையாளமிடப்பட்டன. 2017 இல் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. இருக்க வீடில்லாதவனிடம் வந்து மரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற கோபம் இயல்பானது.

ஆனால் மதிப்பீட்டைத் தாண்டிப் போவதும் எங்களைக் காப்பாற்றுவதில்லை. மன்னாரிலிருந்து 1990 இல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் மீள்குடியேற்றத்தில் நடந்தது அதற்கு உதாரணம். வில்பத்துவின் வடக்கே கல்லாறு ஒதுக்குக்காட்டில் காணி வெளியாக்கப்பட்டது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குச் சமமான பரப்பில் முன்னாள் அமைச்சர் ஒருவர் தன் செலவில் மரம் நட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. முறையான நடைமுறையைப் பின்பற்றாதவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள். ‘காடழித்தவர்கள்’ என்ற பெயரை ஆண்டுக்கணக்காகச் சுமந்தவர்களோ நீண்ட காலம் அகதியாக அலைந்த குடும்பங்கள்.

முறையாகச் செய்யப்பட்ட மதிப்பீடு குடியேறுபவருக்கும் ஒரு பாதுகாப்பு. இந்த மக்கள் இங்கே இருந்தார்கள், இந்தக் கிணறு அவர்களுடையது, இந்தக் காணி காடாவதற்கு முன் தோட்டமாக இருந்தது என்பதை எழுத்தில் பதிவு செய்ய அது இடம் தருகிறது.

என்ன கேட்கலாம்?

உங்கள் பிரதேசத்துக்கு அபிவிருத்தித் திட்டம் வருகிறது, வலயம் மாறுகிறது என்று அறிந்தால், திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலத்திலேயே எழுத்தில் கேளுங்கள்:

1. புதிய வலயத்தில் முழுதாக வீடுகள் வந்தால் மொத்தம் எத்தனை குடும்பங்கள்? அவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?
2. கழிவுநீருக்குக் குழாய்த் தொகுதியா, குழியா? குழி என்றால் நிலத்தடி நீர்ப் பரிசோதனை செய்யப்பட்டதா? முடிவு எங்கே?
3. வெள்ளம் வடியும் வாய்க்கால்களும் குளங்களும் வரைபடத்தில் பெயரோடு குறிக்கப்பட்டுள்ளனவா?
4. வலயத்துக்குள் வயல் இருந்தால், 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி பெறப்பட்டதா?
5. இன்னும் விடுவிக்கப்படாத, உரிமையாளர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் காணிகளுக்கு எந்த நிறம் தீட்டப்பட்டிருக்கிறது?
6. தணிப்பு நிபந்தனைகளை யார் கண்காணிப்பது? அறிக்கை தமிழில் கிடைக்குமா?

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தமிழிலேயே எழுதலாம்; காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு.

ஐந்தாவது கேள்வியை விட்டுவிட வேண்டாம். ஊரில் இல்லாதவர்களின் காணி பற்றி யாரும் கேட்காவிட்டால், அவர்கள் திரும்பி வரும்போது அது வரைபடத்தில் வேறு எதுவோ ஆகியிருக்கும். அவர்களுக்காக அயலவர் ஒருவர் அந்தக் கடிதத்தை எழுதலாம். கொழும்பிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை ஒருவருக்கு அறிவித்தலைப் படம் எடுத்து அனுப்பலாம்.