உஷார்! பேசினுக்குள் கால் வைக்க முதல் கத்தரிக்கோலைப் பாருங்கள்

ஆவணி முகூர்த்தங்களும் நல்லூர்த் திருவிழாவும் ஒன்றாக வருகிற நாட்களில் யாழ்ப்பாணத்துப் பியூட்டி பார்லர்களில் கதிரை கிடைப்பது கஷ்டம். பொம்பிளைக்கு மட்டும் என்று போனாலும், கூட வந்த அன்ரிமாரும் கனடாவிலிருந்து இறங்கிய மச்சாளும் பெடிக்யூர் செய்துகொண்டுதான் திரும்புகிறார்கள். அங்கே இப்போது ஒரு புதுக் கேள்வியும் கேட்கிறார்கள்: "ஊறவைச்சுச் செய்யிறதோ அன்ரி, இல்லாட்டி ட்ரையாச் செய்யிறதோ?"

ட்ரையாகவே செய்யச் சொல்லுங்கள். ஆனால் அதோடு ஆபத்து போய்விட்டது என்று கண்ணை மூடிச் சாய்ந்துவிடாதீர்கள்.

முதலில் தண்ணீரின் கதை. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில், வொட்சன்வில் என்ற ஊரில், ஒரே நகப் பார்லருக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே கட்டி கட்டியாக எழும்பியது. சாதாரணக் கொப்புளம் என்று நினைத்துக் குடித்த மருந்துகள் கேட்கவில்லை. பலர் மாதக்கணக்கில் அவதிப்பட்டார்கள், ஆறிய இடத்தில் தழும்பும் நின்றது. தேடிப் பார்த்தபோது, கால் வைக்கும் தொட்டியில் தண்ணீரைச் சுழற்றும் பொறியின் வடிகட்டிக்குப் பின்னால் ஆட்களின் முடியும் தோலும் அப்பிக் கிடந்தன. அந்த ஊத்தையில் குடியிருந்தது மைக்கோபக்டீரியம் ஃபோர்ச்சுயிட்டம் என்ற கிருமி. குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் இயல்பாகவே இருக்கிற கிருமி அது, குளோரினுக்கும் இலகுவில் சாகாது. பிறகு கலிபோர்னியாவின் வேறு பார்லர்களில் 30 தொட்டிகளைச் சோதித்தார்கள். 29இல் இந்தக் குடும்பத்துக் கிருமிகள் இருந்தன.

வொட்சன்வில்லில் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். பார்லருக்குப் போக முதல் காலில் ரேசர் போட்டவர்களுக்கே கட்டி அதிகம் வந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் போதும், கிருமிக்கு அது கதவு. ஆகவே பெடிக்யூருக்கு முதல்நாள் கால்முடியை மழிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இந்தக் கதையில் நம்மவருக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. நாம் ஏளனமாகப் பார்க்கிற சாதாரண பிளாஸ்டிக் பேசின், விலை கூடிய சுழல்நீர்க் கதிரையைவிடச் சுத்தம் செய்ய இலகு. அதற்குள் குழாயும் இல்லை, வடிகட்டியும் இல்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினி ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கழுவிக் காயவிட்டால் சரி. ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்கு, வரிசையில் ஆறு பேர் இருக்கையில், அந்தப் பத்து நிமிடத்தை எந்தப் பிள்ளை கொடுப்பாள்?

ட்ரை முறையில் காலைத் தண்ணீரில் ஊறவைப்பதில்லை. கிருமிநாசினி தெளித்துத் துடைத்து, நகத்தடித் தோலை இளக்கும் திரவத்தைப் பூசி, சூடான ஈரத் துவாயால் சுற்றி, பிறகு அரத்தால் தேய்ப்பார்கள். நகமும் தண்ணீரில் ஊறி விரிவதில்லை, அதனால் பூசிய பொலிஷ் கூட நாள் நிற்கும். தோல் அளவுக்கு மீறி இளகாததால், உயிருள்ள தோல் வரை தேய்த்து எடுத்துவிடும் ஆபத்தும் குறைவு. இவ்வளவும் உண்மைதான்.

ஆனால் முந்தின ஆளின் காலில் போட்ட கத்தரிக்கோல் உங்கள் காலுக்கும் வந்தால், தண்ணீர் இல்லாமல் என்ன பயன்? ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்துளியில் ஏழு நாட்கள் வரை உயிரோடு கிடக்கும். "டெட்டோல்லை போட்டு எடுத்தது அன்ரி" என்பது பதில் அல்ல. நீல வெளிச்சம் எரிகிற பெட்டிக்குள் வைத்தெடுப்பதும் கிருமிநீக்கம் அல்ல, சுத்தமான ஆயுதத்தை வைத்திருக்க மட்டுமே அது உதவும். ஆஸ்பத்திரியில் செய்வதுபோல 121 பாகை வெப்பத்தில், அழுத்த நீராவியில், பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் அவித்தெடுப்பதுதான் கிருமிநீக்கம். மட்டை அரம், மரக்குச்சி, கால் தேய்க்கும் கல் ஆகியவற்றை எதில் போட்டாலும் முழுதாகச் சுத்தமாகாது, ஒரு ஆளோடு எறிய வேண்டும்.

கேட்க வெட்கமாக இருந்தால் உங்கள் சொந்த நகவெட்டியையும் அரத்தையும் கைப்பையில் கொண்டுபோங்கள். "என்ரை சாமானாலேயே செய்யுங்கோ தங்கச்சி" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் ஒருத்தரும் கோவிக்க மாட்டார்கள். குதிக்கால் தோலைச் சீவ பிளேட்டை எடுத்தால் மட்டும் சிரிக்க வேண்டாம், காலை இழுத்துக்கொள்ளுங்கள். நகத்தடித் தோலை வெட்டவும் விடாதீர்கள். நகச்சுத்தி வருவது அந்த வழியாகத்தான்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இன்னும் கடுமையானது: ஊறவைப்பதும் வேண்டாம், ட்ரையும் வேண்டாம். நரம்பு மரத்த காலுக்குக் கொதிநீரும் தெரியாது, வெட்டியதும் தெரியாது. 2005–06இல் இலங்கையில் நடந்த பெரிய ஆய்வில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்குச் சலரோகம் இருந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேரவே இல்லை, நம் கால்களை அன்று எவரும் எண்ணவில்லை. அம்மாவுக்கு மகள் செய்கிற அன்பு என்று பார்லருக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கால் பராமரிப்பைக் கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள். கால் ஆணிக்குக் கடையில் விற்கும் அமில பிளாஸ்டரையும் சீனி வருத்தம் உள்ளவர்கள் தொடக்கூடாது.

நேரத்தையும் பாருங்கள். நல்லூர் வீதியில் செருப்பில்லாமல் நடக்கத்தான் போகிறீர்கள். குதிக்காலின் தடித்த தோலைக் காலமை தேய்த்து எடுத்துவிட்டு, மத்தியான மணலில் நடந்தால் கொப்புளம் போடாமல் என்ன செய்யும்? அந்தத் தோல் அங்கே இருப்பதே காவலுக்கு. மாரியில் நிலைமை இன்னும் மோசம். 2024 மார்கழியில், வெள்ளத்துக்குப் பிறகு, பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது மறந்திருக்காது. அந்தக் கிருமி உடம்புக்குள் போவது கீறல் வழியாகவும் ஊறி மென்மையான தோல் வழியாகவும். வெள்ளம் நிற்கிற நாட்களில் பெடிக்யூர் எந்த முறையிலும் வேண்டாம். கலியாணத்துக்கு என்றால் நகத்தை நேராக வெட்டி, பொலிஷ் மட்டும் பூசிக்கொள்ளுங்கள். வெடிப்புக்கு இரவில் யூரியா கிறீம் பூசி மேசு போட்டுப் படுத்தால் போதும்.

ஏற்கெனவே செய்துவிட்டீர்களா? அடுத்த ஒன்றிரண்டு மாதம் கெண்டைக்காலைக் கவனியுங்கள். சிவப்புப் புள்ளி கட்டியாகி, சாதாரண அன்ரிபயோட்டிக்குக்கு அடங்காமல் நின்றால், பிதுக்காதீர்கள். வைத்தியரிடம் போய், பெடிக்யூர் செய்த திகதியை நீங்களாகவே சொல்லுங்கள். காலைப் பார்த்து அவர் அந்தக் கேள்வியைக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.