உங்களுக்குத் தெரியுமா? தோப்பு நாய் முதல் துப்பறியும் நாய் வரை

ஆண்டிமடம் வட்டாரத்தில் முந்திரித் தோப்புக் காவலுக்கு ஒரு நாய், வீட்டு வாசலுக்கு ஒரு நாய் என்று வளர்ப்பது வழக்கம். இப்போது லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும்கூட நம் செம்மண் தெருக்களுக்கு வந்துவிட்டன. நாய் வாங்குவது ஒரு நாள் வேலை. அதை வளர்ப்பது பத்துப் பன்னிரண்டு வருட வேலை. அந்த வேலைக்கு உதவும் செய்திகள் இவை.

● கல்லில் பொறித்த பெயர்
திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆநிரைப் பூசலில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்ட கல் அது. அவன் அருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதன் செயலையும் எழுதிவைத்திருக்கிறார்கள். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே நாய்க்குப் பெயரிட்டு, அந்தப் பெயரைக் கல்லில் வெட்டிய மண் இது.

● தபால்தலையில் ராஜபாளையம்
2005 ஜனவரி 9 அன்று அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர், முதோல் ஆகியவற்றோடு ராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை வேட்டைக்கென்று உருவான இனங்கள். ஓடுவதற்கு இடம் இல்லாத வீட்டில் இவற்றை வாங்கிக் கட்டிவைப்பது பாவம்.

● கேட்காத காதுக்குக் கை பேசும்
ராஜபாளையம் இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிய குட்டிக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தால் கைவிட்டுவிட வேண்டாம். கைச்சாடை மூலமே எல்லாவற்றையும் சொல்லித்தரலாம். நாய்கள் சொல்லைவிட உடலசைவைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

● ராணுவத்தில் சிப்பிப்பாறை
2021 பிப்ரவரியில் நம் ராணுவம், கொரோனா தொற்றை மோந்து கண்டுபிடிக்கும் நாய்களை டெல்லியில் அறிமுகப்படுத்தியது. காஸ்பர் என்ற காக்கர் ஸ்பானியலோடு பயிற்சி பெற்றவை ஜெயா, மணி என்ற இரண்டு சிப்பிப்பாறை நாய்கள். வியர்வை, சிறுநீர் மாதிரிகளை மோந்தே அவை தொற்றைக் காட்டிக்கொடுத்தன. நம் ஊர் நாய்க்கு ஓட்டம் மட்டும்தான் வரும் என்று நினைத்தவர்களுக்கு அது பதில்.

● மூக்கால் படிக்கும் செய்தி
மனித மூக்கில் சுமார் 50 முதல் 60 லட்சம் வாசனை உணரிகள் உள்ளன. நாய்க்கு இனத்தைப் பொறுத்து 30 கோடி வரை உண்டு. தெருவில் எந்த நாய் போனது, யார் வீட்டில் புது ஆள் வந்திருக்கிறார் என்பதெல்லாம் அதற்கு மின்கம்பத்தின் அடியிலேயே தெரிந்துவிடும். நடைக்குக் கூட்டிப்போகும்போது அது நின்று மோந்தால் இழுக்காதீர்கள். இரண்டு நிமிடம் நின்றுகொடுங்கள்.

● ஜோடியாகத்தான் சேர்ப்பார்கள்
மத்தியப் பிரதேசம் குவாலியர் அருகே தேக்கன்பூரில், எல்லைப் பாதுகாப்புப் படை 1970-இல் தொடங்கிய தேசிய நாய்ப் பயிற்சி மையம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் நாயோடு அதைக் கையாளும் காவலரும் சேர்ந்தே பயிற்சி பெறுகிறார். உணவு வைப்பது, குளிப்பாட்டுவது, காயத்துக்கு மருந்திடுவது எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டு நாய்க்கும் இதே விதிதான். ‘மூன்று மாதம் விட்டுவிடுகிறேன், பழக்கிக் கொடுங்கள்’ என்று பயிற்சியாளரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவரின் நாய், பயிற்சியாளர் சொன்னால் மட்டுமே கேட்கும்.

● ஈரல் துண்டும் ஆறடிக் கயிறும்
வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டிய வேலை என்பதால் பயிற்சியாளரின் நாள் ஐந்து மணிக்கே தொடங்கிவிடும். கையில் ஆறடிக் கயிறு. இடுப்பில் ஒரு சின்னப் பை. அதில் உப்பு, மசாலா சேர்க்காமல் அவித்து, சுண்டுவிரல் நகமளவு நறுக்கிய கோழி ஈரல். முதல் பத்து நிமிடம் பாடமே கிடையாது. நாய் மண்ணை மோந்து, சிறுநீர் கழித்து, அவர் கையையும் மோந்து முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு ஈரலை அதன் மூக்கருகே காட்டி, மெல்லத் தலைக்கு மேலே கொண்டுபோவார். மூக்கு மேலே போகப் போகப் பின்பகுதி தானாகத் தரையில் இறங்கும். இறங்கிய அந்த நொடியில் ‘சபாஷ்’ என்பார். ஈரல் வாய்க்குள் போகும். ஐந்தாறு தடவை செய்த பிறகுதான் ‘உட்காரு’ என்ற சொல்லே வரும். ஐந்து நிமிடப் பாடம், பிறகு ஓய்வு. அடியோ அதட்டலோ தேவைப்படுவதில்லை.

● ஒரு வீட்டில் மூன்று சொல்
தாத்தா ‘ஒக்காரு’ என்பார். பேரன் ‘சிட்’ என்பான். அம்மா ‘கீழே போ’ என்பார். மூன்றையும் கேட்ட நாய் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும். ‘சொன்ன பேச்சே கேட்பதில்லை’ என்ற புகார் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. அனுபவமுள்ள பயிற்சியாளர் முதல் நாளே ஐந்தாறு சொற்களை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டச் சொல்வார். தமிழோ ஆங்கிலமோ, எதுவானாலும் சரி. எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும்.

● ‘தப்பு செய்த முகம்’
செருப்பைக் கடித்த நாய், நாம் வந்ததும் தலையைத் தாழ்த்திக்கொள்ளும். குற்றம் புரிந்ததால் அப்படி நிற்கிறது என்று நினைக்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. தப்பே செய்யாத நாயும், எஜமானர் திட்டினால் அதே முகத்தைக் காட்டியது. அந்த முகம் நம் கோபத்துக்குப் பயந்த முகம். மூன்று மணி நேரம் கழித்து அடித்தால் செருப்புக்காக அடி என்று நாய்க்குப் புரியாது. நாம் வீட்டுக்கு வருவதே அதற்குப் பயமாகிவிடும்.

● ஓநாய்த் தலைவன் கதை
‘நீதான் தலைவன் என்று நாய்க்கு அடக்கிக் காட்டு’ என்ற அறிவுரைக்கு வேர், ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் வெளியிட்ட ஓநாய் ஆய்வு. அவர் பார்த்தவை அடைத்து வளர்க்கப்பட்ட ஓநாய்கள். காட்டு ஓநாய்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த டேவிட் மெக், ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று 1999-இல் எழுதினார். நாயைக் கீழே தள்ளி அமுக்குவதால் அது கற்பது ஒன்றே ஒன்று: இந்தக் கையை நம்பக்கூடாது.

● 1,022 பெயர்கள்
அமெரிக்காவின் சேஸர் என்ற பார்டர் கோலி நாய் 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றது. கற்றுக்கொடுத்தவர் பேராசிரியர் ஜான் பில்லி. தினமும் பல மணி நேரம், ஆண்டுக்கணக்கில் உழைத்தார். நம் வீட்டு நாய்க்கு ‘வா’, ‘இரு’, ‘விடு’ என்ற மூன்று சொல் நன்றாகத் தெரிந்தாலே போதும், பல விபத்துகள் தவிர்ந்துவிடும்.

● குரைக்கிற நாயும் கடிக்கும்
பழமொழியை நம்பிக் கை நீட்டாதீர்கள். உடல் விறைப்பது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரிவது, உறுமுவது, குரைப்பது எல்லாமே கடிக்கும் முன் நாய் தரும் எச்சரிக்கைகள். உறுமியதற்காக அடித்துப் பழக்கினால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

● வால் எந்தப் பக்கம்?
வாலாட்டுவது எல்லாம் பிரியம் அல்ல. எஜமானரைக் கண்டால் வால் வலப்பக்கம் சற்று அதிகம் சாய்ந்து ஆடுகிறது. முறைக்கும் அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கம். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் கண்டறிந்தது இது.

● எட்டு வாரத்துக்கு முன் வாங்காதீர்கள்
2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. கடிக்கும்போது எவ்வளவு வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான். ஏறக்குறைய 3 முதல் 14 வாரம் வரையான காலத்தில் பார்த்துப் பழகியவற்றுக்குப் பிற்காலத்தில் அது பயப்படாது. டிராக்டர் சத்தம், தலைப்பாகை கட்டியவர், குழந்தை, ஆடு, மாடு எல்லாவற்றையும் அப்போதே தூரத்திலிருந்து காட்டிப் பழக்குங்கள்.

● மண்ணில் ஒளிந்திருக்கும் பார்வோ
குட்டி திடீரெனச் சோர்ந்து, வாந்தியும் ரத்தம் கலந்த கழிச்சலும் கண்டால் பெரும்பாலும் பார்வோ. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். போன குட்டி இறந்த இடத்தில் புதுக் குட்டியைத் தடுப்பூசி இல்லாமல் விடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. மீதி அட்டவணையைக் கால்நடை மருத்துவர் எழுதித் தருவார்.

● கடித்தால் முதலில் சோப்பு
மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்ப்பொடி எதையும் கடிவாயில் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ‘பத்து நாள் நாயைப் பார்த்துவிட்டு ஊசி போடலாம்’ என்று காத்திருக்கக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது. சொன்ன நாளில் போட்டுக்கொண்ட ஊசியோ உயிரைக் காக்கும்.

● தொப்புளைச் சுற்றி 14 ஊசி
பெரியவர்கள் பயமுறுத்தும் அந்த ஊசி, ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய செம்பிள் தடுப்பூசி. அது இந்தியாவில் நிறுத்தப்பட்டு இருபது ஆண்டு ஆகிவிட்டது. இப்போது கையில் நான்கைந்து தடவைதான். நாயோடு வேலை செய்யும் பயிற்சியாளர்கள் இதை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம், நாய்க்கடி மருத்துவத்துக்காகவே எழுந்தது.

● நடைக்கும் சட்டம் உண்டு
1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாயை உரிய அளவு நடக்கவோ ஓடவோ விடாததும் அதே பிரிவில் குற்றம்.

● உங்கள் நாய், உங்கள் பொறுப்பு
நாயால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதை நாம் மறக்கக் கூடாது. தெருவில் இறங்கினால் கயிறு கையில் இருக்க வேண்டும்.

● முயல் வேட்டை வேண்டாம்
முயல், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிர். நாயை ஏவிப் பிடிப்பதும் வேட்டையே. நம் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஏரிக்கரையோரம் நாயை அவிழ்த்துவிடாதீர்கள்.

● ஐந்து நொடிச் சோதனை
நாய்க்கு நம்மைப் போல் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும். சித்திரை வெயிலில் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள். ஐந்து நொடி தாங்கவில்லை என்றால் அதன் பாதமும் வெந்துபோகும்.

● தட்டில் எது வேண்டாம்?
வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை மூன்றும் விஷம். சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். மிஞ்சிய பிரியாணியைப் பாசத்தோடு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

● காதில் சின்ன வெட்டு
காது நுனியில் சிறு வெட்டு இருக்கும் தெருநாய் கருத்தடை செய்யப்பட்டது. சென்னை புளூ கிராஸ் 1964-லேயே இந்தப் பணியைத் தொடங்கிவிட்டது. வீட்டு நாய்க்கும் கருத்தடை செய்யுங்கள். மார்கழிக் குளிரில் சாக்கில் கட்டிச் சாலையோரம் விடப்படும் குட்டிகளில் பல, யாரோ ஒருவர் வீட்டு நாய் போட்டவை.

● யார் நல்ல பயிற்சியாளர்?
நம் நாட்டில் நாய்ப் பயிற்சியாளர் ஆவதற்குக் கட்டாயப் படிப்போ உரிமமோ இல்லை. நீங்கள்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாடம் நடக்கும்போது கூட நிற்க விடுகிறாரா? தடுப்பூசி அட்டையைக் கேட்கிறாரா? உங்களுக்கும் சொல்லித்தருகிறாரா? அவரைக் கண்டதும் நாய் ஓடி வருகிறதா, ஒடுங்குகிறதா? நான்காவது கேள்விக்கு நாயே பதில் சொல்லிவிடும்.

● மரத்தடி வட்டம்
எங்கள் தாத்தாவின் தோப்பில் ஒரு முந்திரி மரத்தடியில் மட்டும் புல் முளைக்காது. மரத்தைச் சுற்றிக் கச்சிதமான ஒரு வட்டம். உள்ளே வெறும் செம்மண். அங்கே கட்டியிருந்த நாய் சங்கிலி எட்டும் தூரம்வரை நடந்து நடந்து தேய்த்த தரை அது. ‘கிட்டே போகாதே, பொல்லாத நாய்’ என்று எங்களை எச்சரிப்பார்கள். ஒன்பது வருடம் அந்த வட்டத்துக்கு வெளியே அது கால் வைத்ததை நான் பார்த்ததில்லை. பொல்லாத்தனம் எங்கிருந்து வந்தது என்று அப்போது எங்களில் யாரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டு மரத்தடியில் அப்படி ஒரு வட்டம் இருந்தால், நாளைக் காலை ஐந்தரைக்குச் சங்கிலியை அவிழ்த்துக் கயிற்றை மாட்டி, அரை மணி நேரம் கூட நடங்கள். ஒரு மழைக்காலம் போனால் அங்கே புல் முளைத்துவிடும்.